ஜமுனாமரத்தூருக்குப் போகும் முன்

குமரேசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு விமலாவோடு ஜமுனாமரத்தூர் போகப்போவதாகச் சொன்னாய். எட்டு நாள். எங்கே நிறுத்துவது, எங்கே சமைப்பது, எந்த நாள் அருவி, எந்த நாள் காவலூர் டெலஸ்கோப் என்று எல்லாம் எழுதிவைத்துவிட்டாய். விமலாவுக்கு இன்னும் தெரியாது, சர்ப்ரைஸ் என்றாய். "நீங்களும் அம்மாவும் போயிட்டு வந்த அதே ரூட்டுதான்ப்பா" என்றும் சொன்னாய். போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்தாள். "அந்த அருவிக் கதைய இன்னும் அவன்கிட்ட மாத்திச் சொல்லலயா நீங்க?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப எழுதுங்க. போன்ல பேசுனா மறுபடியும் பொய்தான் சொல்வீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். எட்டாவது வரை படித்தவன் நான். ஒர்க் ஷாப்பில் ஸ்பேர் பார்ட்ஸ் பெயர் எழுதுகிற நோட்டில் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படி.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் பொய் ஒன்றும் கிடையாது. இடையஞ்சாவடிப் பக்கம் குடியிருந்த அந்த வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் பழைய மெட்டடோர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினில் கோளாறு வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். சொந்த நாட்டுக்கே திரும்பிப்போக முடிவான அன்று, சாவியை என் கையில் கொடுத்து, "நிக்க வெக்காதே. ஓட்டு" என்று அவருடைய தமிழில் சொல்லிவிட்டுப் போனார். ஒர்க் ஷாப் ஓரத்தில் அது நின்றபோது உப்பு லாரி டிரைவர்கள் எல்லாரும், "இன்னாண்ணே, எந்த நடிகைக்கு கேரவன்? ஷூட்டிங் எங்க?" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆறு மாதம் அதை நிற்கவே வைத்திருந்தேன்.

நீ எடுத்துப்போவதற்கு முன் நான் பிரேக்கைப் பிரித்துப் பார்த்து வைக்கிறேன். ஆனாலும் மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே, சூடேறிவிட்டால் அது பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசலைப் போளூரிலேயே நிரப்பிக்கொள். வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டரை மூடியே வை. கட்டிலின் இடது பக்கக் கீல் சில நேரம் நழுவும், ஒரு துணியை மடித்துச் செருகினால் நிற்கும். ஆவணியில் மலையில் மழை இருக்கும், மண் பாதையில் வண்டியை இறக்காதே. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். சின்ன வயதிலிருந்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான். மற்ற விஷயங்களில் நான் நல்ல வாத்தியார் இல்லை என்று இப்போது தெரிகிறது.

தனம் அத்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு வந்த நாளிலிருந்து நீ அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டாய். உன் அம்மா உப்பளத்தில் கூடை சுமந்த காலத்தில் தனம் தலையில் மீனோடு வரப்பு வரப்பாக நடந்துவருவாள். கருவாடு போட அவளுக்கு உப்பு வேண்டும், நமக்கு மீன் வேண்டும். அப்படித் தொடங்கியதுதான். உனக்கு நாலு வயதில் ஜுரம் வந்து கண் செருகிப்போனபோது, நான் ஒரு லாரியோடு செங்கல்பட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தேன். மீன் விற்கப்போனவள் அப்படியே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு உன் அம்மாவோடு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். அவளுக்கும் ஆறுமுகத்துக்கும் பிள்ளை கிடையாது. உன் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தை நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எப்போதும் போல நம் வாசலுக்கு வந்தாள். அலுமினிய அன்னக்கூடையில் காரப்பொடி மீனும் கொஞ்சம் சங்கராவும்தான் இருந்தன. நீ அன்று பத்து மணி பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். உன் அம்மா, "தனம், இன்னைக்குக் குமரேசன் வர்றான். நண்டு கெடைக்கலயா?" என்று கேட்டாள். "இப்பத்தான் போட்டுங்க கரைக்கு வர்ற நேரம் அண்ணி. கூடை இங்கயே இருக்கட்டும், ஓடிப்போயி எடுத்தாறேன். என் மருமவனுக்கு இல்லாத நண்டா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பேர் பேசியதும் என் காதில் விழுந்தது. அவள் கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் அவளை எடுத்தார்கள்.

உனக்குத் தெரியாதது இதுதான். கூடை நம் வாசலில் இருந்தது. ஊரே தலைதெறிக்க மேற்கே ஓடி, பயம் அடங்கித் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. உன் அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான் அனுப்புனேன், நான்தான் அனுப்புனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மீனை ஒர்க் ஷாப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கூடையைக் கழுவி, பரணில் பழைய ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வைத்தேன். அவளிடம், "இத யாருகிட்டயும் சொல்லாத. ஆறுமுகம்கிட்ட சொல்லவே சொல்லாத. ஊரு இருக்கற நெலமையில இன்னா நடக்கும்னு சொல்ல முடியாது" என்றேன். கருமாதிக்கு அவளை அனுப்பவில்லை. "ஒடம்பு சரியில்ல" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டு நான் மட்டும் போய், பந்தலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். ஆறுமுகம் தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி வரலயா மச்சான்?" என்று கேட்டார். "ஜுரம்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். இப்போது யோசித்தால், எனக்குத்தான் பயமாக இருந்திருக்கிறது. ஆறுமுகத்தின் முகத்துக்கு நேராக நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பஸ் எல்லாம் நின்றுபோய் நீ இரண்டு நாள் கழித்துத்தான் வந்துசேர்ந்தாய். நான்கு நாள் இருந்தாய். அம்மா வேலை செய்கிறாள், சாப்பாடு போடுகிறாள், ஆனால் பேச்சில்லை என்பதைக் கவனித்தாய். அத்தை போன துக்கம் என்று நினைத்தாய், நானும் அப்படியே நினைக்கவிட்டேன். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் என்னிடம், "அம்மாவ கொஞ்ச நாள் கடல் சத்தம் கேக்காத எடத்துக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்றாய். எனக்கு அது கையில் ஸ்பேனர் கொடுத்த மாதிரி இருந்தது. அழுகிற ஆளோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு வண்டியைத் தயார் செய்வது எப்படி என்று தெரியும். அன்று சாயங்காலமே மெட்டடோரின் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் வேலை செய்தேன். இன்ஜினை இறக்கி ஏற்றினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி, ஜன்னலுக்குக் கொசுவலை, கட்டிலுக்கு இலவம்பஞ்சு மெத்தை. கடலுக்கு எவ்வளவு தூரத்தில் போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்தேன். திருவண்ணாமலைக்கு லோடு ஏற்றிப்போகிற டிரைவர் ஒருவர்தான் ஜவ்வாது மலையைச் சொன்னார். "மேல ஜமுனாமரத்தூர்னு சின்ன ஊருண்ணே. நாலு கடை, ஒரு பஸ் ஸ்டாண்டு, சுத்தி மலையும் காடுந்தான். வேற ஒண்ணும் கெடையாது" என்றார். வேறு ஒன்றும் இல்லாத ஊர்தான் எனக்கும் வேண்டியிருந்தது. இப்போது நீ செய்திருப்பது போலவே பத்து நாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். முதல் நாள் செஞ்சியில் காலைச் சாப்பாடு, போளூரில் டீசல், பொழுது சாய்வதற்குள் மேலே. இரண்டாம் நாள் காவலூர், மூன்றாம் நாள் அருவி. இத்தனை நாளில் உன் அம்மாவிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "புளி எவ்ளோ எடுத்துக்கணும்?" என்று கேட்டேன். ஒரு பிடி என்று கையால் காட்டினாள். போகலாமா என்று கேட்கவில்லை. எங்கே போகலாம் என்றும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில்தான் வண்டிக் கதவைத் திறந்து, "ஏறு" என்றேன். அதுவும் சர்ப்ரைஸ்தான்.

ஏறினாள். செஞ்சிக் கோட்டையைத் தாண்டும்போது, "பாரு, எவ்ளோ பெரிய பாறை" என்றேன். பார்த்தாள். போளூரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. புழுக்கம் போய், பச்சை இலையைக் கசக்கினால் வருமே, அந்த வாசனை வந்தது. வளைவுக்கு வளைவு கீழே ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போயின. எனக்கே நெஞ்சு லேசானது போலிருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் மேலே போய், ஊருக்கு வெளியே ஒரு டீக்கடைப் பக்கத்தில் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அறுப்பு முடிந்த சாமை வயல்கள் சரிவு சரிவாக இறங்கி, அதற்கப்பால் காடு தொடங்கியது. ஒரு சத்தம் கிடையாது. எப்போதாவது ஒரு மாட்டு மணி. அவ்வளவுதான். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அவள் தூங்கினாளா என்று பார்க்கவில்லை.

மறுநாள் காவலூர் போகவில்லை. அவள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. சாயங்காலம் டீக்கடைக்காரம்மா தானாகவே ஒரு டம்ளர் டீயோடு வண்டிப் படியில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாமல் பேசுகிறவள். அருவியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். தண்ணீர் எப்படி மூன்று தட்டாக விழும், எந்தப் பாறையில் வழுக்கும், எங்கே உட்கார்ந்தால் சாரல் மேலே படும் என்று எல்லாம். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "மரக்காணம்" என்றேன். "அய்யோ, கடல் பொங்குச்சே, அந்தப் பக்கமா? உங்க வூட்ல யாருக்காவது..." என்று இழுத்தாள். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால், "நம்ம வூட்டுக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். உன் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "என் நாத்தனா போயிட்டா" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் வேற்று ஆளிடம் பேசிய முதல் பேச்சு அது. டீக்கடைக்காரம்மா அவள் முழங்கால் மேல் கையை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நான் எழுந்துபோய் டயரில் காற்று பார்த்தேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை. வயல் மேல் பனி இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, "இன்னைக்கு அருவி" என்றேன். "வேணாங்க. ஊருக்குப் போலாம்" என்றாள். "ஏம்மே, பத்து நாளுக்குன்னுதானே வந்திருக்கோம்? கடல் சத்தம் கேக்காம நிம்மதியா இருக்குது இல்ல?" என்றேன். அப்போது அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "கடல் சத்தம் எனக்கு இன்னாங்க பண்ணுச்சு? அங்கன்னா அந்த சத்தத்துல கொஞ்சமாச்சும் அமுங்கிக் கெடந்துச்சு. இங்க சத்தமே இல்ல. 'ஓடிப்போயி எடுத்தாறேன் அண்ணி'ன்னு அவ சொன்னது மட்டும்தான் கேக்குது. நீங்க என்னக் கேட்டீங்களா, உனக்கு எங்க போவணும்னு? எனக்கு ஆறுமுகம் அண்ணன் வூட்டுக்குப் போவணும். அன்னைலருந்து எனக்கு அது ஒண்ணுதான் வேணும். நீங்க என்ன மலைமேல ஏத்திட்டீங்க."

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்தவள், என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒன்றரை மாத வேலை, பக்கம் பக்கமாக எழுதிய திட்டம். "அவரு மனசு இன்னா ஆவும்னு யோசிச்சியா? அடிக்க வந்தா?" என்றேன். "அடிக்கட்டும். அவரு பொண்டாட்டி எங்க போனா, எதுக்குப் போனான்னு அவருக்குத் தெரிய வேணாமா? அத நம்ம பரண்ல வெச்சுப் பூட்ட நம்ம யாருங்க?" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். கேஸை மூடினேன். டீக்கடைக்காரம்மா ஒரு பையில் சாமை அரிசி போட்டு உன் அம்மா மடியில் வைத்துவிட்டு, "போயி சொல்லிட்டு வா, போ" என்றாள். அவளிடம் உன் அம்மா எப்போது எல்லாவற்றையும் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பகல் மூன்று மணிக்கு ஊருக்கு வந்து நேராக ஒர்க் ஷாப்பில் நிறுத்தினேன். பரணில் ஏறி அன்னக்கூடையை எடுத்துக்கொடுத்தேன். தனம் பெயரை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய கூடை. உன் அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறுமுகம் அப்போது தார்ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தார். வெயிலில் அந்தக் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று வெளியே நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கூடையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. உன் அம்மா அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, நீ வருவதாக இருந்ததையும், நண்டு கேட்டதையும், தனம் கூடையை வைத்துவிட்டு ஓடியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். "நான் கேக்காம இருந்திருந்தா அவ அந்நேரம் நம்ம தெருவுலதான் இருந்திருப்பா அண்ணே" என்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அடிக்க வந்தால் குறுக்கே விழலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகம் வலையை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "நீ இல்ல தங்கச்சி" என்றார். "அன்னைக்கு எங்க வலைல எக்கச்சக்கமா மீன்பாடு. பிரிக்க ஆளு பத்தல. சைக்கிள்ல உங்க தெருப்பக்கம் போன ஒருத்தன்கிட்ட, 'தனத்த உடனே வரச் சொல்லு'ன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். வந்தா. என் பக்கத்துல ஒக்காந்து வலையப் பிரிச்சா. நான் மேல போயி கயிறு எடுக்கறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு. நான் கூப்புட்டுத்தான் அவ வந்தான்னு இத்தன நாளா... யாருகிட்ட போயி சொல்றது? அவ அண்ணன்காரங்ககிட்டயா? ஒன்கிட்ட சொல்லலாம்னு பந்தல்ல பாத்தேன். நீ வரல." சைக்கிள்காரர் தனத்தை வழியில் பார்த்துச் சொன்னாரா, அல்லது அவள் நண்டுக்காகத் தானே வந்து நின்றாளா என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சைக்கிள்காரரும் இப்போது இல்லை. ஆனால் பார், இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு பேர் அதே பாரத்தை முழுசு முழுசாகச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நடுவில் அடைத்துக்கொண்டு நின்றவன் நான். கருமாதி அன்றே உன் அம்மாவைப் போகவிட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

மீதி ஏழு நாளும் வண்டி அந்தக் கொட்டகைகளின் ஓரத்தில்தான் நின்றது. உன் அம்மா வண்டியிலேயே சமைத்தாள். ஆறுமுகத்துக்கு, பக்கத்துக் கொட்டகைக் கிழவர்களுக்கு, யார் வந்தாலும். அந்தச் சாமை அரிசியும் தீர்ந்தது. தனம் பேச்சை எடுத்தால் ஒரு நாள் அழுவார்கள், ஒரு நாள் சிரிப்பார்கள். நான் கொட்டகைக் கதவுகளுக்குக் கீல் போட்டுக்கொடுத்தேன். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்ததும் உன் போன் வந்தது. "எப்டிப்பா இருந்துச்சு?" என்றாய். உண்மையைச் சொன்னால் நண்டைச் சொல்ல வேண்டும். நண்டைச் சொன்னால் உன்னைச் சொல்ல வேண்டும். அதனால் டீக்கடைக்காரம்மா எனக்குச் சொன்ன அருவியை உனக்குச் சொன்னேன். மூன்று தட்டாக விழுகிறது, சாரல் அடிக்கிறது, அம்மா சிரித்தாள் என்றேன். நீ சந்தோஷப்பட்டாய். அந்த அருவியை நான் பார்த்ததே இல்லை குமரேசா. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் ஏதாவது வேலை சொல்லி உன்னை ஆறுமுகம் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். "மாமா கடலுக்குப் போயிருக்காரு" என்பேன், "கடலூர் போயிருக்காரு" என்பேன். ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஓட்டினேன். உன் அம்மாவுக்குச் செய்ததையே உனக்கும் செய்தேன். உன்னிடமும் கேட்காமல், உனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நானே முடிவு செய்தேன். பத்திரிகை அடித்து வந்த பிறகு உன் அம்மா சொல்லிவிட்டாள். "புதுசா ஒரு பொண்ணு நம்ம வூட்டுக்கு வர்றா. மூடி வெச்ச பேச்சு ஒண்ணும் வூட்ல இருக்கக் கூடாது. ஆறுமுகம் அண்ணன் பந்தல்ல வந்து நிக்கப்போறாரு. வேற யாராவது வாய் தவறிச் சொல்லி அவனுக்குத் தெரிய வேணாம்." அதனால்தான் சொல்கிறேன். அந்த நண்டு உனக்காகக் கேட்டது. இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. பஸ் ஏறிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். அப்படி நான் சொன்னதால் மனசு உடனே கேட்டுவிடாது என்றும் எனக்குத் தெரியும். கனமாகத்தான் இருக்கும், கொஞ்ச நாள். தனியாக வைத்துக்கொள்ளாதே. அதற்கு மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும், தனியாக வைத்துக்கொண்டவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

விமலா விஷயத்துக்கு வருகிறேன். ஜமுனாமரத்தூர் நல்ல ஊர். அது பொய் இல்லை. அந்தப் பனி, அந்தச் சரிவு, அந்தக் காற்று எல்லாம் நான் பார்த்தவை, நீங்களும் பார்க்க வேண்டியவை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மலை பிடிக்குமா, வளைவு ஏறினால் வாந்தி வருமா, கல்யாணம் ஆன கையோடு எட்டு நாள் வண்டிக்குள் தூங்கச் சம்மதமா, மூன்றாம் நாள் அவள் அம்மாவைப் பார்க்கத் தோன்றுமா என்று நீ கேட்டாயா? இப்போதே போன் போட்டுக் கேள். "திட்டம் போட்டாச்சு, வா" என்று சொல்லாதே. "எங்க போலாம்?" என்று கேள். அவள் வேறு இடம் சொன்னால் வண்டி அங்கேயும் போகும். எங்கும் வேண்டாம் என்றால் ஒர்க் ஷாப்பில் நிற்கட்டும். இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படிக்கக் கொடு. மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று வருகிறதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

நேற்று பத்திரிகை வைக்க ஆறுமுகம் வீட்டுக்குப் போனோம். புதிதாகக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அவருக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. தாம்பாளத்தை வாங்கித் தனம் படத்துக்கு முன்னால் வைத்தார். "பையனுக்குத் தெரியுமா மச்சான்?" என்று கேட்டார். "எழுதப்போறேன்" என்றேன். "குமரேசனுக்குன்னா அவள யாரும் அனுப்ப வேணாம் மச்சான். அவளேதான் ஓடியிருப்பா. அத அவன்கிட்ட நான் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ அவன என் வூட்டுக்கு வரச் சொல்லு. ஒன்ற வருசம் கழிச்சி, பந்தல்ல எல்லார் முன்னாடியும் நாங்க பாத்துக்க வேணாம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கிளம்பி வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் அங்கே போ. கடற்கரை ரோட்டில் தண்ணீர் டேங்க் தாண்டி வலது பக்கம், இரண்டாவது வரிசை, நான்காவது வீடு, பச்சைக் கதவு. நான் கூட வர மாட்டேன். போய் என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வராதே, அவர் பேசுவார், நீ உட்கார். எவ்வளவு நேரம் ஆனாலும் இரு. அம்மா உனக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருப்பாள்.

அப்பா